டிஎன்ஏ எப்போதும் இரட்டைச் சுருள்தானா? வேறு வடிவங்களைக் கணினியில் எப்படி ஆராய்கிறார்கள்?

எப்போதும் இல்லை. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் (ஜி) அதிகமுள்ள இழையில் நான்கு குவானின்கள் ஒரே தளத்தில் சதுரமாகக் கைகோத்துக்கொள்ளும். அந்தச் சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டால் அதுதான் ஜி-குவாட்ருப்ளெக்ஸ். மனித செல்லுக்குள்ளேயே இது இருப்பதை 2013-இல் சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்ரமணியனின் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது.

கணினியில் எளிய வழி, மரபணுத் தொகுதியில் 'ஜிஜிஜி' கொத்து நெருக்கமாக நான்கு முறை வரும் இடங்களைத் தேடுவது. ஆனால் அது வடிவத்தின் அசைவைச் சொல்லாது. அதற்கு மூலக்கூறு இயக்கவியல் வேண்டும்: ஒவ்வொரு அணுவின் மீதும் உள்ள விசையைக் கணக்கிட்டு, பொதுவாக 2 ஃபெம்டோநொடிக்கு (ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியின் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு) ஒருமுறை எல்லா அணுக்களையும் நகர்த்துவார்கள். ஒரே ஒரு மைக்ரோநொடியை, அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பார்க்க 50 கோடி கணக்கீட்டுப் படிகள்! பொட்டாசியம் அயனிகளை மட்டும் விட்டுவிடக் கூடாது. சதுரங்களுக்கு நடுவே அவை இல்லையென்றால் குவானின்களின் ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றையொன்று விலக்கி, அடுக்கே குலைந்துபோகும்.

பயன் என்று பார்த்தால் புற்றுநோய் மருந்துதான் முதலில் வரும். குரோமோசோம் முனையில் இந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கும் மூலக்கூறால் அந்த முனையை நீட்டிக்கும் டெலோமரேஸ் நொதியைத் தடுக்க முடியும். பெரும்பாலான புற்றுநோய் செல்கள் அந்த நொதியை நம்பித்தான் பெருகிக்கொண்டே போகின்றன.