வாசகர் கேள்வி – பதில்: ஒற்றை ஆள் சுமக்கும் பாரம்

கேள்வி: சூப்பர் ஹீரோ காமிக்ஸ்களை முப்பது ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அண்மைக் காலமாகக் கறுப்பினத்தவர், முஸ்லிம்கள், பெண்கள் என்று வலிந்து நுழைக்கிறார்கள். கற்பனைக் கதைக்குள் அரசியல் வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. என் எண்ணம் தவறா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சிறு வயதிலிருந்து கூடவே வந்த நாயகர்கள் மாறும்போது மனம் சங்கடப்படுவது இயல்புதான். ஆனால் "அண்மைக் காலமாக" என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. யாரை வரையலாம், யாரை வரையக் கூடாது என்று முதன்முதலில் ஒருவர் முடிவு செய்த நாளிலேயே அரசியல் அங்கே குடிபுகுந்துவிட்டது.

1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஈ.சி. காமிக்ஸ் ஒரு விண்வெளிக் கதையை வெளியிட்டது. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் ஜோ ஓர்லாண்டோ. எந்திர மனிதர்கள் மட்டுமே வாழும் ஒரு கோளுக்கு, அதை விண்மீன் குடியரசில் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஆராய்வதற்காகப் பூமியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். அங்கே ஆரஞ்சு நிற எந்திரங்களுக்கு எல்லா வசதிகளும் உண்டு. நீல நிற எந்திரங்களுக்குத் தனிக் குடியிருப்பும் தாழ்ந்த வேலையும்தான். மேலுறையின் நிறத்தைத் தவிர இரண்டுக்கும் எந்த வேறுபாடும் இல்லை என்பதைக் கண்டறியும் அதிகாரி, அந்தக் கோளுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கதை முழுக்கத் தலைக்கவசத்துக்குள் மறைந்திருக்கும் அவருடைய முகத்தைக் கடைசிக் கட்டத்தில்தான் நாம் பார்க்கிறோம். அவர் கறுப்பினத்தவர், அவருடைய கரிய தோலின் மீது வியர்வைத் துளிகள் தொலைதூர விண்மீன்களைப் போல மின்னுகின்றன.

காமிக்ஸ்களுக்கான தணிக்கை விதிகள் 1954இல் வந்தன. எந்த இனத்தையும் இழிவுபடுத்தக் கூடாது என்பது அந்த விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. இருந்தும், 1956இல் அதே கதையை மறுபதிப்புச் செய்ய ஈ.சி. முனைந்தபோது, அந்த விண்வெளி வீரர் கறுப்பினத்தவராக இருக்கக் கூடாது என்று தணிக்கை நிர்வாகி தடுத்தார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் அதற்கு இணங்காதபோது, அந்த வியர்வைத் துளிகளையாவது நீக்குங்கள் என்று கேட்டார். கெய்ன்ஸ் அதற்கும் மறுத்து, ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் கதையை வெளியிட்டார். ஈ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அதுவே. அதன் பிறகு 'மேட்' நகைச்சுவை இதழ் மட்டுமே தொடர்ந்தது. வலிந்து நீக்கும் வேலை இத்தனை காலம் நடந்திருக்க, சேர்ப்பது மட்டும் வலிந்த செயலாகத் தெரிவது ஏன் என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: 'பிளாக் பாந்தர்' என்ற கறுப்பின நாயகர் 1966இலேயே வந்துவிட்டார். அதற்குப் பிறகும் பிரதிநிதித்துவம் இல்லை என்று குறை சொல்வது நியாயமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: வந்தது உண்மை. மார்வெல் நிறுவனத்தின் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும், நான்கு நாயகர்கள் கொண்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' குழுவின் இதழில், 52ஆம் எண்ணில் அவரை அறிமுகம் செய்தார்கள். உலகின் கண்ணுக்கு மறைவாக அறிவியலில் உச்சம் தொட்ட வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசராக, விருந்துக்கு அழைத்த நால்வரையும் ஒவ்வொருவராக வீழ்த்திக் காட்டுபவராக, அதுவரை அமெரிக்க காமிக்ஸ் கண்டிராத கம்பீரத்தோடு அவர் வந்தார். ஆனால் முதலில் வரைந்த அட்டைப்படத்தில் தெரிந்த அவருடைய முகத்தின் கீழ்ப்பாதி, அச்சான அட்டையில் முகமூடிக்குள் முழுமையாக மறைந்துபோயிற்று.

அவர் நாயகனாக நடமாடும் நீண்ட தொடர் ஒன்று அமைய 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் எங்கே என்று பாருங்கள்: ஆப்பிரிக்கக் காட்டை ஆளும் வெள்ளை நாயக நாயகியரின் 1950களின் கதைகளை மறுபதிப்புச் செய்துவந்த 'ஜங்கிள் ஆக்‌ஷன்' என்ற இதழில். மார்வெல் அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தபோது அந்தப் பழைய கதைகளைப் படித்து மனம் வெறுத்த டான் மெக்ரெகர் என்ற இளைஞரிடம் அந்தத் தொடர் வந்து சேர்ந்தது. அவர் கதையை வகாண்டாவுக்கே கொண்டுபோனார். அரசனுக்கு எதிரிகள், நண்பர்கள், காதலி, குடிமக்கள் என்று அனைவரும் கறுப்பினத்தவராகவே இருந்தார்கள். வெள்ளையர்கள் எங்கே என்று அலுவலகத்தில் தம்மிடம் கேட்டதை அவர் பிற்காலப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விரைவில் அந்தத் தொடரை வரைய வந்த பில்லி கிரஹாமும் கறுப்பினத்தவர். டிசாலா என்பது பிளாக் பாந்தரின் இயற்பெயர்; அந்த அரசன் மனிதனாக மாறியது அந்தப் பக்கங்களில்தான் என்பது என் உறுதியான கருத்து. ஊரே தன்னைச் சார்ந்தவர்களாக இருந்ததால், அவனால் தன் இனத்துக்காகப் பரிந்து பேசும் பொறுப்பிலிருந்து விடுபட்டு, தவறு செய்யவும் தோற்கவும் சந்தேகப்படவும் முடிந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே பத்தாண்டில் நடக்கவிருந்தது. மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி தன் முதல் கறுப்பின நாயக இதழுக்காகத் தயாரித்துவைத்திருந்த கதையில் வருபவன், கறுப்பினத்தவரை வெறுக்கும் ஒரு வெள்ளையன். நெருக்கடி நேரத்தில் மட்டும் அவன் தன்னை அறியாமல் கறுப்பின வீரனாக உருமாறுவான்! எழுத்தாளர் டோனி இசபெல்லா வாதாடி அதைக் கைவிடச் செய்தார். அதற்குப் பதிலாக 1977இல் அவர் எழுதிய 'பிளாக் லைட்னிங்' நாயகன், தான் வளர்ந்த ஏழைப் பகுதிக்கே திரும்பிவந்து பாடம் நடத்தும் ஒரு பள்ளி ஆசிரியன். எண்ணிக்கை என்று பார்த்தால் இரண்டு கதைகளிலும் ஒரு கறுப்பின நாயகன் உண்டு. எண்ணிக்கையை மட்டும் வைத்து நியாயத்தை அளக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் மாண்ட்ரேக்கையும் லொதாரையும் வாசித்து வளர்ந்தவள் நான். லொதாரை ரசித்ததற்காக இப்போது வெட்கப்பட வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, விருதுநகர்

பதில்: வேண்டாம் அம்மா. 1934இல் தொடங்கிய அந்தத் தொடரில், மந்திரவாதி மாண்ட்ரேக்கின் ஆப்பிரிக்கத் துணைவரான லொதார் ஏழு நாடுகளின் இளவரசன். ஆனாலும் சிறுத்தைத் தோலை உடுத்தி, மூல ஆங்கிலத்தில் குழறிப் பேசும் பணியாளாகவே அவரை வைத்திருந்தார்கள். 1965இல் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் ஓவியராகப் பொறுப்பேற்ற பிறகு லொதார் நாகரிக உடை அணிந்தார், திருத்தமாகப் பேசினார், மாண்ட்ரேக்குக்குச் சமமான நண்பரானார். உங்கள் அன்பு அந்த நண்பர்மீது என்றால், கதையை உருவாக்கியவர்களும் பின்னர் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி: ஸ்பைடர்மேன் உடையை வேறோர் இனத்துச் சிறுவனுக்கு மாட்டிவிடுவதை விட, புதிய நாயகர்களைப் படைப்பதுதானே நேர்மை?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: இந்தக் கேள்வியில் ஒரு பாதி நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். இரவல் உடை எத்தனை பொருத்தமாக இருந்தாலும் இரவல்தான். ஆனால் புதிதாகப் படைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1947இல் ஃபிலடெல்ஃபியாவில் ஆரின் எவன்ஸ் என்ற பத்திரிகையாளர், முழுக்கக் கறுப்பின எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டு ஓர் இதழை வெளியிட்டார். இரண்டாவது இதழுக்கு அச்சுக் காகிதம் விற்க ஆளில்லாததால் அது ஒரே இதழோடு நின்றது.

1993இல் டுவெய்ன் மெக்டஃபி, டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் ஆகிய கறுப்பினத்தவர் நால்வரும் மைல்ஸ்டோன் காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அச்சும் விநியோகமும் டிசி வசம். கதைகளின் உரிமை மைல்ஸ்டோன் வசம். அவர்களுடைய பக்கங்களை அருகில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: கறுப்பினத்தவர் எல்லாரையும் ஒரே பழுப்பு மையில் நிரப்பிவந்த வழக்கத்தை விட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் தோல் நிறத்தைத் தீட்டியிருப்பார்கள். 'ஸ்டேட்டிக்' என்ற பள்ளிச் சிறுவனுக்கு வர்ஜில் ஹாக்கின்ஸ் என்று பெயர் வைத்ததும் தற்செயல் அன்று. ஃபுளோரிடாவில் சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டு, நீதிமன்றத்தில் நெடுங்காலம் போராடிய கறுப்பினத்தவர் ஒருவரின் பெயர் அது.

கதையில் ஒரே ஒரு கறுப்பினத்தவரோ ஒரே ஒரு பெண்ணோ இருந்தால், அவர் செய்வதெல்லாம் அந்த இனம் முழுவதும், பெண்குலம் முழுவதும் செய்ததாக ஆகிவிடுகிறது. எனவே அவரைச் சுவையான மனிதராக எழுதவே முடியாமல் போகிறது என்பது மெக்டஃபியின் வாதம். அதனால்தான் மைல்ஸ்டோன் ஒரு நாயகனோடு நிற்காமல், கோபக்காரன், பழமைவாதி, குறும்புக்காரன், தெருக்கும்பல் என்று ஓர் ஊரையே படைத்தது. அந்த இதழ்கள் 1997க்குள் நின்றுபோயின. சந்தையில் அறியப்பட்ட பெயர்களுக்கு மட்டுமே கடைகளில் இடம் கிடைக்கும்போது, 2011இல் மைல்ஸ் மொராலஸ் என்ற சிறுவன் ஸ்பைடர்மேன் என்ற பெயரோடு வந்ததை என்னால் குறையாகப் பார்க்க முடியவில்லை. அவனுக்குத் தனியாக ஒரு தாயும் தந்தையும், புரூக்ளினில் ஒரு வீடும், தனக்கே உரிய அச்சங்களும் கொடுத்தார்கள்; அந்த அளவில் உடை அவனுடையதாகிவிட்டது.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகளுக்கு எந்த காமிக்ஸை முதலில் வாங்கித் தரலாம்?
– இல்லத்தரசி, சேலம்

பதில்: 2014இல் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' முதல் தொகுப்பை வாங்குங்கள். சனா அமானத் பதிப்பாசிரியராக இருந்து, ஜி. வில்லோ வில்சன் எழுதி, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்த அந்தத் தொகுப்பு 2015இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்றது. நியூ ஜெர்சியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான், முதல் பக்கத்தில் உலகைக் காப்பாற்றுவதில்லை. கடையில் நின்று, தான் உண்ணக் கூடாத பன்றி இறைச்சி சாண்ட்விச்சின் மணத்தை ஏக்கத்தோடு முகர்ந்துகொண்டிருக்கிறாள். சக்தி கிடைத்ததும் அவள் முதலில் எடுக்கும் உருவம், தான் போற்றும் பொன்னிறக் கூந்தல் வெள்ளை நாயகியுடையது. அந்த உடை தன் உடம்பை உறுத்துவதையும், அந்த உருவத்தில் தனக்கு மகிழ்ச்சி இல்லாததையும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக உணர்கிறாள். பிறகு, உடலை மூடும் தன்னுடைய நீச்சல் உடையையே வெட்டித் தைத்து நாயகி உடையாக்கிக்கொண்டு, தன் சொந்த முகத்தோடு வெளியே வருகிறாள். முதல் முறை நீங்களும் மகளோடு உட்கார்ந்து படியுங்கள். அவள் எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நின்றாள் என்று எனக்கு எழுதுங்கள்.