கரியைத் துடைக்கும் முன் தொட்டுப் பாருங்கள் தம்பி

நாமக்கல்லிலிருந்து நவி மும்பை கலம்போலிக்கு வந்து நான்கு மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, 2018 மாடல் பி.எஸ்.4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) லாரி ஒன்று செகண்ட்ஸில் எடுத்து ஓட்டுகிறேன். மேடு இழுக்கவில்லை, கருப்புப் புகை அடிக்கிறது. கேரேஜில் காட்டினால் இன்ஜின் முழுக்கக் கார்பன், ஹெட்டை இறக்க வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். ஹிந்தியும் சரியாக வரவில்லை. ரூமுக்கு முன்னால் நிறுத்தி நானே கிளீன் செய்துகொள்ளலாமா?"

செய்யலாம் தம்பி. பாதி வேலையை நீங்களே செய்யலாம், மீதிப் பாதியைத் தொடக் கூடாது, ரூமுக்கு முன்னால் மட்டும் வேண்டவே வேண்டாம். நான் சங்ககிரியிலிருந்து இந்தப் பக்கம் வந்து 25 வருடம் தாண்டிவிட்டது. கிளீனராக வந்து, டிரைவராகி, இப்போது சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். ஊரில் என்றால் பட்டறைக்காரர் மாமாவோ மச்சானோ ஆக இருப்பார், நம்பி விட்டுவிடலாம். இங்கே முதல் ஒரு வருடம் எல்லாரும் அந்நியர்தான், அதனால் உங்கள் வண்டியைப் பற்றி உங்களுக்கே நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல் பாகத்தை, இறக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். பிஸ்டன், வால்வு, ரிங் இவற்றில் பிடிக்கும் கார்பன் வேறு, காற்று உள்ளே போகும் வழியில் பிடிக்கும் கார்பன் வேறு. உங்கள் வண்டியில் இ.ஜி.ஆர். இருக்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான் தொல்லை. சைலன்சருக்குப் போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதுதான் அதன் வேலை. திரும்பி வரும் அந்தப் புகையில் கரித்தூள் இருக்கும், பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியாக ஆயில் ஆவியும் வரும், இரண்டும் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயில்) சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாளாக நாளாக வழி குறுகும். இ.ஜி.ஆர். வால்வு மூடாமல் பாதியில் நின்றுவிட்டால் புகை எந்நேரமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், டீசல் எரியக் காற்று போதாது, நீங்கள் சொன்ன அதே கருப்புப் புகையும் இழுவைக் குறைவும் வரும்.

ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன் ஏர் ஃபில்டரையும் டர்போவிலிருந்து (காற்றை அழுத்தி அனுப்பும் பகுதி) இன்டர்கூலருக்குப் (அந்தக் காற்றை ஆற்றும் பகுதி) போகிற ஹோஸையும் பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ஒரு மழைக்காலமே இதில் போனது. புகை புகை என்று ஒரு கேரேஜில் விட்டேன், பம்பைக் கழற்றினார்கள், இன்ஜெக்டரைக் கழற்றினார்கள், மூன்று வாரம் வண்டி நின்றது, அந்த மாத இஎம்ஐயை நகையை வைத்துத்தான் கட்டினேன். கடைசியில் பார்த்தால் டர்போ ஹோஸ் கிளாம்புக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஹோஸின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், காற்று கசிகிற இடத்தில் ஆயில் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கருப்பாகக் கோடு விழுந்திருக்கும். கலம்போலி ஸ்டீல் மார்க்கெட் பக்கம் கிளம்பும் தூசிக்கு ஃபில்டரும் ஊரில் அடைவதைவிடச் சீக்கிரம் அடைந்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்தால் இ.ஜி.ஆருக்கு வாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், எந்த சாக்கெட் எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வைக் கழற்றி கையில் எடுத்ததும் எல்லாரும் உடனே ஸ்பிரேயை அடித்துத் துடைக்க ஆரம்பிப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். கரியைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு விரலில் தேய்த்துப் பாருங்கள். வண்டிக்கு என்ன நோய் என்று அந்தக் கரிதான் சொல்லும், துடைத்துவிட்டால் அந்தச் சேதி போய்விடும்.

உலர்ந்து பவுடர் மாதிரி உதிர்ந்தால் டீசல் சரியாக எரியவில்லை என்று பொருள், காற்றுக் குறைவோ இன்ஜெக்டர் கோளாறோ பின்னால் இருக்கும், அல்லது வண்டி அதிக நேரம் ஐட்லிங்கில், அதாவது நகராமல் இன்ஜின் மட்டும் ஓடியபடி, நிற்கிறது. பசைபோல ஆயில் பிசுபிசுப்பாக இருந்தால் பிரீதரையோ டர்போ சீலையோ சந்தேகப்படுங்கள், டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைகிறதா என்று பாருங்கள். சில இடம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாகவோ, ஈரமாகவோ, வெள்ளைப் பொருக்காகவோ இருந்தால் இ.ஜி.ஆர். கூலர் உள்ளே கசிகிறது, கூலண்ட் இன்ஜினுக்குள் போகிறது. அதை என்ன கிளீன் செய்தாலும் தீராது, கூலரைத்தான் மாற்ற வேண்டும், விட்டால் இன்ஜினே போய்விடும். இந்த ஒன்று தெரியாமல் கரியை மட்டும் துடைத்து மாட்டி, மூன்று மாதத்தில் திரும்பக் கழற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பார்த்த பிறகு துடைக்கலாம். கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மரக்குச்சியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் சுரண்டினால் வந்துவிடும். வால்வுக்கு மேலே இருக்கும் மோட்டார் பக்கம் நனையக் கூடாது, எந்தத் திரவத்திலும் முழுசாக முக்கி வைக்காதீர்கள். கழற்றிய ஓட்டைகளில் பனியன் வேஸ்ட் அடைத்துக்கொள்ளுங்கள், எத்தனை அடைத்தீர்கள் என்று எண்ணி வையுங்கள், திரும்ப எடுக்கும்போது அதே எண்ணிக்கை வர வேண்டும். மேனிஃபோல்டில் சுரண்டிய கட்டி உள்ளே விழுந்தால் இன்ஜின் வால்வில் மாட்டும், அதனால் அதைக் கழற்றி வெளியே வைத்துச் சுரண்ட முடியாது என்றால் தொடாமல் விடுங்கள். மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள். பழையதற்கு பேஸ்ட் தடவி ஒட்டுவது நாலு நாள்கூடத் தாங்காது.

காஸ்டிக் சோடாவில் ஊறப்போடு, பளபளவென்று வரும் என்று ஒருவர் சொல்வார். அலுமினியத்தை அது அரித்துவிடும். பெட்ரோல் ஊற்றிக் கழுவு என்பார் இன்னொருவர், பக்கத்தில் ஒரு பீடி போதும். இன்ஜின் ஓடும்போதே காற்று வழியில் ஸ்பிரே அடி என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். உள்ளே வருகிற எரியும் திரவம் எதுவானாலும் டீசல் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஆர்.பி.எம். ஏறிக்கொண்டே போகும். ஒரு யார்டில் இதை நேரில் பார்த்தேன், நின்றபோது இன்ஜின் பிழைக்கவில்லை, பக்கத்தில் நின்ற பையன் பிழைத்ததே பெரிது.

முகத்துக்கு மாஸ்க், கைக்கு கிளவுஸ் கட்டாயம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. உலர்ந்த கரியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதி மூச்சில் இழுக்காதீர்கள்.

அதனால்தான் ரூமுக்கு முன்னால் வேண்டாம் என்றேன். கழுவும்போது வரும் கறுப்புத் தண்ணீர் குழந்தைகள் விளையாடுகிற இடத்துச் சாக்கடை வழியாகத்தான் ஓடும், சொசைட்டிக்காரர்கள் சண்டைக்கு வந்தால் புதிதாக வந்த உங்களுக்கு ரூமும் போகும். பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, டின்னில் பிடித்து, அனுமதி உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். டிரக் டெர்மினல் பக்கம் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பேனரும் கிடைக்கும், சாப்பாடும் கிடைக்கும்.

மெக்கானிக்கிடம் ஹிந்தியில் பேச மூன்று வாக்கியம் போதும். "காடி காலா துவாம் மார் ரஹீ ஹை" என்றால் கருப்புப் புகை அடிக்கிறது. "பஹலே ஹோஸ் செக் கரோ", அதாவது முதலில் ஹோஸைப் பாருங்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். "புரானா பார்ட் வாபஸ் தோ" என்று கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள். இப்படிக் கேட்கிறவரிடம் விலையும் கொஞ்சம் இறங்கித்தான் வரும்.

இன்னொன்று. நாவா சேவா துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டு ஃபேன் போட்டுத் தூங்குகிறீர்களா? ஐட்லிங்கில் இன்ஜின் போதிய அளவு சூடேறாது, டீசல் அரைகுறையாக எரியும், கரி சேர்வதே அங்கேதான். அணைத்துவிடுங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை, பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன் ஒன்று வாங்குங்கள். நாளைக்கு பி.எஸ்.6 வண்டி எடுத்தால் இது இன்னும் முக்கியம், அதில் டி.பி.எஃப். (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கும், சேர்ந்த கரியை எரிக்க அதற்கு 600 டிகிரி வரை சூடு தேவைப்படும், ஐட்லிங்கிலேயே நின்றால் அது அடைத்துக்கொள்ளும். லோடோடு கண்டாலா மலைப்பாதை ஏறுவது அதற்கு நல்லதே. இ.ஜி.ஆரை அடைத்துத் தருகிறேன், டி.பி.எஃபை வெட்டித் தருகிறேன் என்று லேப்டாப்போடு ஆட்கள் வருவார்கள். சட்டப்படி குற்றம், பி.யு.சி. புகைச் சோதனையிலும் மாட்டலாம், உங்கள் பின்னால் பைக்கில் வருகிறவர் அந்தப் புகையைத்தான் குடிப்பார்.

இந்த ஞாயிறு கழற்றிப் பார்த்துவிட்டு, கரி உலர்ந்திருந்ததா, பிசுக்காக இருந்ததா என்று எழுதுங்கள், அடுத்து என்ன செய்வதென்று சொல்கிறேன். ஈரமாகவோ வெள்ளைப் பொருக்காகவோ இருந்தால் மட்டும் எழுதிக் காத்திருக்க வேண்டாம், கூலண்ட் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள், கூலரை மாற்றும் வரை வண்டியை லோடுக்கு எடுக்காதீர்கள்.