ஏஎஃப்டியும் குடியேற்றச் சண்டையும்: கேட்டவர்களுக்குப் பதில்

2025 பிப்ரவரி ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் ‘ஜெர்மனிக்கான மாற்று’ (ஏஎஃப்டி) கட்சி 20.8 விழுக்காடு வாங்கி இரண்டாம் இடம் பிடித்ததிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றியவைதான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் அந்தக் கட்சியின் ஆள் இல்லை. ஆனால் அவர்கள் வாயைத் திறந்தாலே பொய் என்று நினைப்பவனும் இல்லை.

கேள்வி: இவர்கள் ஆரம்பத்திலிருந்தே குடியேறிகளை எதிர்த்த கட்சிதானா?

இல்லை. 2013-இல் தொடங்கியபோது இது யூரோ நாணயத்தை எதிர்த்த பேராசிரியர்களின் கட்சி. கிரேக்கத்தின் கடனுக்கு நாம் ஏன் அழ வேண்டும் என்பதுதான் அவர்களின் கேள்வி. அந்த ஆண்டுத் தேர்தலில் 4.7 விழுக்காடு வாங்கி, நாடாளுமன்றத்துக்குள் போகத் தேவையான 5 விழுக்காடு வரம்பை எட்டாமல் வெளியே நின்றார்கள். 2015 கோடையில் நிறுவனர் பெர்ண்ட் லுக்கே ஓரங்கட்டப்பட்டார். அதே கோடையில்தான் அகதிகள் பெருமளவில் வரத் தொடங்கினார்கள், அப்போதைய பிரதமர் (சான்சலர்) மெர்கல் ‘நம்மால் முடியும்’ என்றார். அந்த ஆண்டில் மட்டும் சுமார் 8,90,000 பேர் வந்தார்கள். 2017-இல் கட்சிக்கு 12.6 விழுக்காடு.

கேள்வி: அண்ணா, நான் ப்ளூ கார்டில் (திறமையான வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வேலை அனுமதி) ம்யூனிக்கில் வேலை பார்க்கிறேன். ‘ரெமிக்ராட்சியோன்’ என்கிறார்களே, என்னையும் அனுப்பிவிடுவார்களா?

இந்தச் சொல்லில்தான் முழுச் சண்டையும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அகராதிப்படி ‘திரும்பிப் போதல்’, அவ்வளவுதான். கட்சியைக் கேட்டால், நாட்டைவிட்டு வெளியேற வேண்டியவர்களைச் சட்டப்படி வெளியேற்றுவது என்பார்கள். ஆனால் 2023 நவம்பரில் போட்ஸ்டாம் அருகே ஒரு கூட்டம் நடந்தது. ஏஎஃப்டிக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருக்க, ஆஸ்திரியத் தீவிர வலதுசாரி மார்ட்டின் செல்னர் தன் திட்டத்தை விளக்கினார். ‘கரெக்டிவ்’ ஊடகம் 2024 ஜனவரியில் அதை வெளியிட்டது. அதன்படி திட்டத்தில் மூன்று வகையினர் இருந்தார்கள்: புகலிடம் கேட்டவர்கள், வசிக்கும் உரிமை உள்ள வெளிநாட்டவர், அப்புறம் ‘ஒன்றிப்போகாத’ குடிமக்கள். மூன்றாவது வகைதான் நாட்டை உலுக்கியது. லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். கூட்டத்தில் பேசப்பட்டதற்கும் தங்கள் கொள்கைக்கும் சம்பந்தமில்லை என்றது கட்சி. ஆனால் ஓராண்டு கழித்து ரீசா நகரில் நடந்த கட்சி மாநாட்டில், அதுவரை அந்தச் சொல்லைத் தள்ளியே வைத்திருந்த இணைத் தலைவர் அலிஸ் வைடல், மேடையிலேயே அதை உரக்கச் சொன்னார். கைதட்டல் பறந்தது.

ஆகவே யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் ‘யாரை?’ என்று உடனே கேளுங்கள். நாட்டைவிட்டு வெளியேற வேண்டியவர்கள் என்று 2023 முடிவில் பதிவாகியிருந்தவர்கள் சுமார் 2,40,000 பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பேரிடம் ‘டுல்டுங்’ இருந்தது. அதாவது, பாஸ்போர்ட் இல்லை, நோய், சொந்த நாட்டில் போர் என்று ஏதோ ஒரு காரணத்தால் இப்போதைக்கு அனுப்ப முடியாது என்று அரசே கொடுத்த காகிதம். 2024-இல் உண்மையில் நாடு கடத்தப்பட்டவர்கள் சுமார் 20,000 பேர். ‘லட்சம் லட்சமாக’ என்று மேடையில் முழங்குபவர் இந்தக் கணக்குக்குள் நிற்கவில்லை என்றால் வேறு யாரையோ மனதில் வைத்திருக்கிறார்.

உங்கள் ப்ளூ கார்டுக்கு வருகிறேன். இன்றைய சட்டத்தில் உங்களுக்கு ஆபத்து இல்லை. குடியுரிமை வாங்கிவிட்டால் ஜெர்மன் அரசியல் சாசனமான அடிப்படைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு காவல் நிற்கிறது, அதை அரசால் பறிக்க முடியாது. இனத்தை வைத்து ‘உண்மையான ஜெர்மானியர்’ என்று பிரிப்பது மனித மாண்புக்கு எதிரானது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2017-இல், வேறொரு கட்சியின் வழக்கில், தெளிவாகவே சொல்லிவிட்டது.

கேள்வி: திறமைசாலிகள் வரலாம் என்றுதானே அவர்களும் சொல்கிறார்கள்? நமக்கு என்ன பிரச்சினை?

சொல்கிறார்கள், தேர்தல் அறிக்கையிலும் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் பிறந்த வெளிநாட்டவர் குழந்தைகளுக்குக் குடியுரிமை தரும் 2000-ஆம் ஆண்டு விதியை நீக்க வேண்டும் என்று 2016 கொள்கை அறிக்கையில் எழுதியவர்களும் அவர்களே. வேலைக்கு நீங்கள் வேண்டும், உங்கள் பிள்ளை ஜெர்மானியராக வேண்டாம். இது எனக்கு ஒட்டவில்லை.

இதில் ஒரு பழைய கதை. 2000-இல் அன்றைய பிரதமர் ஷ்ரோடரின் அரசு வெளிநாட்டுக் கணினி வல்லுநர்களுக்கு ‘கிரீன் கார்டு’ கொடுத்தபோது, வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தேர்தலில் சிடியு (மெர்கலின் பழமைவாதக் கட்சி) தலைவர் யுர்கன் ருட்கர்ஸ் பேரில் ஒரு முழக்கம் ஓடியது: ‘கிண்டர் ஷ்டாட் இண்டர்’, அதாவது ‘இந்தியர்களுக்குப் பதில் நம் குழந்தைகள்’. அப்போது ஏஎஃப்டி பிறக்கவே இல்லை. அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். 2024-இல் இந்தியத் தொழில் வல்லுநர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்த ஜெர்மன் அரசு முடிவு செய்தது.

கேள்வி: குற்றங்களைப் பற்றி மட்டும் உங்களைப் போன்றவர்கள் மழுப்புகிறீர்கள். போலீஸ் புள்ளிவிவரமே சொல்கிறதே?

மழுப்பவில்லை, கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 2023 போலீஸ் அறிக்கையில் சந்தேக நபர்களில் சுமார் 41 விழுக்காட்டினர் ஜெர்மன் குடியுரிமை இல்லாதவர்கள். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 15 விழுக்காடு அளவுதான். ஏஎஃப்டி பேச்சாளர் இந்த இரண்டையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அனுமதியின்றி எல்லை தாண்டுவது போன்ற, ஜெர்மானியர் செய்யவே முடியாத குற்றங்களை முதலில் எடுத்துவிடுங்கள். 41 என்பது 34 ஆகிவிடும். அடுத்து, சுற்றுலா வந்து திருடியவனும் சந்தேக நபர் பட்டியலில் இருப்பான், மக்கள்தொகைக் கணக்கில் இருக்க மாட்டான். எந்த நாட்டிலும் குற்றங்களில் அதிகம் சிக்குபவர்கள் இளைய ஆண்கள், புதிதாக வந்தவர்களில் அவர்களே அதிகம். இவ்வளவும் கழித்தால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கும். முழுக்க மறையுமா என்பதில்தான் ஆய்வாளர்கள் மோதுகிறார்கள்.

ஆனால் 2024 ஆகஸ்டில் ஸோலிங்கன் திருவிழாவில் மூவரைக் குத்திக் கொன்றது தொடர்பான வழக்கின் சிரியாக்காரர், டப்ளின் விதிப்படி (முதலில் நுழைந்த ஐரோப்பிய ஒன்றிய நாடே புகலிட மனுவைப் பார்க்க வேண்டும் என்ற விதி) அதற்கு முந்தைய ஆண்டே பல்கேரியாவுக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டியவர். அனுப்பவில்லை. இது அரசின் தோல்வி. இதைச் சொல்லவே பிற கட்சிகள் தயங்கியதால்தான் சொன்னவர்களுக்கு ஓட்டு விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மாக்டெபுர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் கார் பாய்ந்தபோது, சந்தேக நபர் இஸ்லாத்தைத் திட்டிக்கொண்டும் ஏஎஃப்டியைப் பாராட்டிக்கொண்டும் இருந்த சவுதி மருத்துவர் என்று தெரியவந்தது. முன்கூட்டியே எழுதி வைத்த கண்டனங்கள் எதற்கும் அது பொருந்தவில்லை.

கேள்வி: வெளிநாட்டவர் குறைவாக இருக்கும் கிழக்கில்தான் அதிக ஓட்டு. பழகாததால் வந்த பயம்தானே?

பாதி சரி. கிழக்கு மாநிலமான துரிங்கியாவில் 2024 மாநிலத் தேர்தலில் 32.8 விழுக்காடு, அங்கே வெளிநாட்டவர் நாட்டின் சராசரியைவிடக் குறைவு. ஆனால் மேற்கில் கெல்சன்கிர்ஷனைப் பாருங்கள்: குடியேறிகள் நிறைந்த பழைய நிலக்கரி நகரம், 2025-இல் கட்சிப் பட்டியல் வாக்கில் (வேட்பாளருக்கு இல்லாமல் கட்சிக்குப் போடும் ஓட்டு) அங்கும் ஏஎஃப்டிதான் முதலிடம். பயத்தை மட்டும் காரணம் காட்டினால் இது புரியாது. ஆலை மூடியது, பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனது, ‘நம்மை யாரும் மதிப்பதில்லை’ என்ற எண்ணம், இவை இரண்டு இடங்களுக்கும் பொது.

கேள்வி: ‘தீத்தடுப்புச் சுவர்’ இடிந்துவிட்டதா?

ஏஎஃப்டியோடு சேர மாட்டோம் என்ற மற்றக் கட்சிகளின் உறுதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2025 ஜனவரி 29 அன்று, எல்லையிலேயே அகதிகளைத் திருப்பி அனுப்பக் கோரி சிடியு தலைவர் மெர்ட்ஸ் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் ஏஎஃப்டி ஓட்டுகளோடு 348-க்கு 344 என்று நிறைவேறியது. அவர் கட்சியின் முன்னாள் தலைவர் மெர்கலே கண்டித்தார். இரண்டு நாள் கழித்து வந்த மசோதா பத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. என் கணக்கில் சுவர் இடியவில்லை, ஆனால் கதவு இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கேள்வி: அலுவலகத்தில் ஓர் ஆதரவாளர் இருக்கிறார். ‘நாங்கள் இல்லாவிட்டால் உங்கள் மருத்துவமனைகள் ஓடாது’ என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

எடுபடாதுதான். அவர் புகலிடத்தைப் பற்றிக் கேட்கிறார், நீங்கள் வேலை விசாவைப் பற்றிப் பதில் சொல்கிறீர்கள். நர்ஸ் வேறு, டுல்டுங்காரர் வேறு, உக்ரைன் அகதி வேறு, இங்கேயே பிறந்த துருக்கியர் வேறு. எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் அவர் கட்சியின் வேலை. அதை நீங்களும் செய்து கொடுக்காதீர்கள்.

கேள்வி: பேசாமல் தடை செய்துவிட்டால் என்ன?

அரசால் முடியாது, அரசியல் சாசன நீதிமன்றத்தால்தான் முடியும். 1952-இலும் 1956-இலும் ஒவ்வொரு கட்சியைத் தடை செய்திருக்கிறது. 2017-இல் என்பிடி என்ற நவநாஜிக் கட்சியை (மேலே சொன்ன வழக்குதான்) விட்டுவிட்டது. நோக்கம் கெட்டதுதான், ஆனால் சாதிக்கும் பலம் இல்லை என்றது. ஏஎஃப்டிக்குப் பலம் இல்லை என்று எந்த நீதிபதியும் சொல்ல முடியாது, நோக்கத்தைத்தான் நிரூபிக்க வேண்டும். 2025 மே மாதம் உள்நாட்டு உளவுத்துறை 1,000 பக்கங்களுக்கு மேல் அறிக்கை எழுதி ‘உறுதியான வலதுசாரித் தீவிரவாதக் கட்சி’ என்று முத்திரை குத்தியது. கட்சி வழக்குப் போட்டதும், சில நாட்களிலேயே உளவுத்துறை அந்த முத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.