சாட்சிக் கூண்டில் ஏறும் முன் கோரிக்கை மனுவைத் திருத்திவிடுங்கள்

வாசகர் கேள்வி: பின்னலாடை நிறுவனம் ஒன்றின் செக்கிங் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். 2022 ஆகஸ்டில் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று வாயால் சொல்லி நிறுத்திவிட்டார்கள். சமரசப் பேச்சு முறிந்தபின் 2023-இல் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனு போட்டேன். நிர்வாகம் எதிருரை (பதில் மனு) தாக்கல் செய்துவிட்டது. அடுத்த வாய்தாவில் என் சாட்சியம். இப்போதுதான் மனுவை நிதானமாகப் படித்தேன். வேலை திரும்ப வேண்டும் என்று மட்டும் இருக்கிறது, இடைப்பட்ட காலச் சம்பளத்தைக் கேட்கவே இல்லை. கையில் வாங்கிய சம்பளம் 14,200 ரூபாய், மனுவில் 9,500 என்று இருக்கிறது. 'ராஜினாமா கடிதம் கொடுத்தேன்' என்றும் ஒரு வரி. உண்மையில், கணக்கு முடிக்க வேண்டும் என்று சொல்லி எழுதாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஓவர்டைம் பாக்கியும் உண்டு. மனுவை வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாகப் போடலாமா?

பதில்: வாபஸ் வாங்காதீர்கள். உங்கள் மனு 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 2ஏ பிரிவில் போடப்பட்டது. வேலையிலிருந்து நீக்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி. உங்களுக்கு அந்தக் கெடு 2025 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. இன்று வாபஸ் வாங்கினால், புதிய மனு காலம் கடந்தது என்ற ஒரே காரணத்தால் அடிபடலாம். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் கெடு இன்னும் குறுகியது, இரண்டே ஆண்டு. கையில் இருக்கும் வழக்கைக் காப்பாற்றிக்கொண்டு அதற்குள்ளேயே திருத்துவதுதான் வழி.

திருத்த முடியும். தொழிலாளர் நீதிமன்றம் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று அதே 1947 சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. சிவில் வழக்குகளுக்கான உரிமையியல் நடைமுறைச் சட்டம் அங்கே வரிக்கு வரி கட்டுப்படுத்தாது. ஆனாலும் திருத்த மனு வந்தால் நீதிபதிகள் அச்சட்டத்தின் ஆணை 6, விதி 17-இல் உள்ள அளவுகோலையே கையில் எடுக்கிறார்கள். அதே தகராறை முழுமையாகச் சொல்கிறீர்களா, அல்லது வேறொரு தகராறைக் கொண்டுவருகிறீர்களா என்பதே அவர்கள் பார்க்கும் முதல் விஷயம். 2002-இல் அந்த விதியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் கேட்பவர், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். நீங்கள் இன்னும் நிரூபண வாக்குமூலம் (சாட்சியத்தை எழுத்தில் தரும் பிரமாணப் பத்திரம்) தாக்கல் செய்யவில்லை, கூண்டில் ஏறவும் இல்லை. சாட்சிய வாய்தாவுக்கு முன்பே திருத்த மனு போட்டுவிட்டால் அந்தச் சுமையிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடலாம். அதற்குப் பிறகு என்று தள்ளினால், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

சம்பளத் தொகையைத் திருத்துவது எளிது. 9,500 எங்கிருந்து வந்தது என்று மட்டும் தேடிப் பாருங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகைதான் இருக்கும், மனு எழுதியவர் அதைப் பார்த்து எழுதியிருக்கக்கூடும். வங்கிக் கணக்கில் விழுந்த 14,200 ரூபாயோ பிடித்தம் போக மிஞ்சியது, ஆகவே மொத்தச் சம்பளம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சம்பளச் சீட்டைப் பார்த்துச் சரியான தொகையைப் போடுங்கள். ஒரு தவறை இன்னொரு தவறால் திருத்திவிட்டால் குறுக்கு விசாரணையில் அடி வாங்குவது நீங்கள்தான்.

இடைக்காலச் சம்பளமும் சேர்க்கக்கூடியதே. வேலைநீக்கம் செல்லாது என்ற வழக்கில் அது இயல்பாகத் தொடர்ந்து வரும் நிவாரணம். ஆனால் 'முழுச் சம்பளமும் பணித்தொடர்ச்சியும் வேண்டும்' என்று கோரிக்கைப் பகுதியில் ஒரு வரி சேர்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். நீக்கப்பட்ட பிறகு வேறு வருமானம் தரும் வேலை கிடைக்கவில்லை என்றோ, குறைந்த கூலிக்குத்தான் போனேன் என்றோ தொழிலாளி சொல்லியாக வேண்டும், சொன்னபின் அதை மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இடையில் எங்காவது வேலைக்குப் போயிருந்தால் எத்தனை மாதம், என்ன கூலி என்பதை மறைக்காமல் எழுதுங்கள். நிர்வாகம் உங்கள் பி.எஃப். எண்ணை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடும்.

அதோடு 1947 சட்டத்தில் ஆட்குறைப்புக்கு நிபந்தனை விதிக்கும் 25எஃப் பிரிவுக்கான செய்திகள் மனுவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நிறுத்தப்படுவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 240 நாளுக்குக் குறையாமல் வேலை பார்த்தது, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தராதது, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு தராதது ஆகிய மூன்றும் வர வேண்டும். 240 நாளை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான். வருகைப் பதிவேட்டை நிர்வாகம் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரித் தனியாக ஒரு மனுவும் போடுங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த ராஜினாமா வரி. நீங்களே எழுதிக்கொடுத்த ஒப்புதலைத் திருத்தம் என்ற பெயரில் துடைத்துவிட்டு நேர்மாறான கதையைச் சொல்ல முடியாது என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிருரையில் நிர்வாகம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாதாடியிருந்தால் சிக்கல் இன்னும் கூடும். ஆகவே 'அந்த வரியை நீக்குக' என்று கேட்காதீர்கள். வரி அப்படியே இருக்கட்டும், அதன்கீழ் விளக்கம் சேர்க்க அனுமதி கேளுங்கள். கிட்டத்தட்ட இப்படி: 'மனுவின் 5-ஆம் பத்தியின் இறுதியில் பின்வருவதைச் சேர்க்க: மேற்படி கடிதம் மனுதாரர் விருப்பத்தின்பேரில் எழுதியதல்ல. கணக்கு முடிப்பதற்கென்று கூறி, எழுதப்படாத தாளில் மனுதாரரின் கையொப்பம் பெறப்பட்டது.' எந்த நாள், எந்த அறை, யார் கேட்டார்கள், உடன் இருந்தது யார் என்ற விவரங்களும் அதில் வர வேண்டும். மிரட்டல், ஏமாற்று என்று பொதுவாகச் சொன்னால் நிற்காது.

இந்த இடத்தில் உங்கள் பெரிய துணை சமரச அலுவலரிடம் கொடுத்த முதல் மனு. வெற்றுத்தாள் கையெழுத்தை அதில் அன்றே சொல்லியிருந்தால், 'இது பின்னால் யோசித்துச் சொன்ன கதை' என்ற வாதம் எடுபடாது. அதன் நகலையும், சமரசம் முறிந்ததாக அலுவலர் தந்த முறிவறிக்கையின் நகலையும் இன்றே எடுத்துவையுங்கள்.

ஓவர்டைமை இந்த மனுவுக்குள் நுழைக்காதீர்கள். 2ஏ பிரிவு வேலைநீக்கத்துக்கு மட்டும் உரியது. ஏற்கெனவே உறுதியான பாக்கியைக் கணக்கிட்டு வாங்கத் தனி வழி (1947 சட்டத்தில் அது 33சி(2) பிரிவு) உண்டு. ஆனால் பாக்கியே இல்லை என்று நிர்வாகம் உரிமையையே மறுத்தால், அதைத் தீர்க்கும் இடம் அதுவல்ல. பணிக்கொடையும் அதற்கென உள்ள அதிகாரியிடம் தனியாகக் கேட்க வேண்டியது. கேட்டால், வேலைநீக்க வழக்கின் உரிமைகளுக்குப் பாதகமின்றிக் கேட்பதாகக் கட்டாயம் எழுதுங்கள்.

திருத்த மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். தாமதத்துக்கான காரணத்தை அதில் உள்ளபடியே சொல்லுங்கள்: மனு இன்னொருவர் எழுதியது, சாட்சியத்துக்குத் தயாராகும்போதுதான் பிழைகள் கண்ணில் பட்டன. ஜோடித்த காரணத்தைவிட இது வலுவானது. எந்தப் பத்தியில் எந்த வரி மாறுகிறது என்ற அட்டவணையைத் தனியாக இணையுங்கள்.

அனுமதி கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. உத்தரவில் கெடு குறிப்பிடப்படாவிட்டால் 14 நாளுக்குள் திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது அதே ஆணை 6-இன் விதி 18. நிர்வாகத்துக்குக் கூடுதல் எதிருரை போட வாய்ப்புத் தருவார்கள், அதனால் ஒன்றிரண்டு வாய்தா தள்ளிப்போகும். செலவுத்தொகை கட்டச் சொன்னாலும் கட்டிவிடுங்கள். நிரூபண வாக்குமூலத்தைத் திருத்திய மனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாக எழுதச் சொல்லுங்கள், பழைய வரைவில் 9,500 இன்னும் அப்படியே கிடக்கும்.