மடி நோய்க்கு ஊசி போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. இதைவிடப் பவர் கூடின அன்டிபயோடிக் எது?

நீங்களும் எங்கள் பக்கத்து ஆள் போலத்தான் தெரிகிறது. லய வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாட்டைக் கட்டி, விடியற்காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு பால் லொறிக்கு ஓடுகிறவராக இருப்பீர்கள். பின் காம்பு வீங்குகிறது, ஊசி போட்டால் வற்றுகிறது, கொஞ்ச நாளில் மறுபடி திப்பி திப்பியாகப் பால் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மருந்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பாலை யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் என் முதல் கேள்வி. எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்து என்று எப்படிச் சொல்வது?

நான் டொக்டர் இல்லை. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து எடுத்து, இப்போது முழுநேரமும் மாட்டோடு இருக்கிறவள். "படிச்சவங்க பேச வேண்டிய விசயத்துல இவளுக்கு என்ன வேலை" என்று நினைக்கிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுச் செவலை ஜேர்சிக் கலப்பு. மூன்றாம் ஈற்றில், ஆடி மழை விடாமல் ஊற்றிய நேரத்தில், வலது பின் காம்பு கல்லாக இறுகிவிட்டது. கை வைத்தால் உதைக்கும். ஊசி போடுகிற அண்ணன் வந்து போட்டார், வற்றியது. சில வாரத்தில் திரும்ப வந்தது, மறுபடி போட்டார், மறுபடி வற்றியது. அடுத்த முறை வேறொரு குப்பியைக் கொண்டு வந்தார். "அக்கா, இது புதுசு, பவர் கூட. ஒன்னு போட்டா இனி இந்தப் பக்கமே வராது" என்றார்.

குப்பியை வாங்கி மகளிடம் காட்டினேன். அவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். செபலோஸ்போரின் என்கிற அன்டிபயோடிக் குடும்பம், அதில் மூன்றாம் தலைமுறை என்றாள். உலக சுகாதார நிறுவனம் மனிதர் வைத்தியத்துக்கு மிக முக்கியம் என்று தனியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிற மருந்துகளில் அதுவும் ஒன்று. எங்கள் அத்தை நெஞ்சுச் சளி முற்றி வார்டில் கிடந்தபோது நரம்பில் ஏற்றியதும் அந்தக் குடும்பத்து மருந்துதான். அத்தையைக் காப்பாற்றிய மருந்தை, என்ன கிருமி என்றே பார்க்காமல் மாட்டுக்குப் போட்டுப் பழக்கினால், நாளைக்கு அதே கிருமி எங்கள் வீட்டுக்குள் வரும்போது டொக்டர் எதைப் போடுவார்? நான் வேண்டாம் என்றேன். அண்ணனுக்குக் கோபம். லயத்தில் இருந்தவர்களும் "பால் காசு போகுது, இவ சட்டம் பேசுறா" என்றார்கள்.

அந்த அண்ணனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடுராத்திரியில் கன்று குறுக்கே நின்றால் மழையில் ஓடி வருவது அவர்தான். பல தோட்டப் பிரிவுக்கு ஒரே ஒரு அரசாங்க மாட்டு டொக்டர் இருக்கிற ஊரில் அவரை நம்பாமல் யாரை நம்புவது?

மறுநாள் டவுனுக்குப் போய் மாட்டு டொக்டரைப் பார்த்தேன். வந்து பார்த்தார். நாலு குழி உள்ள தட்டில் நாலு காம்புப் பாலையும் தனித்தனியாகப் பீச்சி, சவர்க்காரம் போன்ற ஒரு திரவத்தைச் சம அளவு ஊற்றி ஆட்டினார். மூன்று குழி தண்ணீராகவே இருந்தது, வலது பின் காம்புப் பால் மட்டும் கஞ்சி மாதிரி கட்டிக்கொண்டது. கலிபோர்னியா சோதனை என்று பெயர், 1957இலேயே வந்துவிட்டதாம். பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் பால் எடுக்கச் சொல்லித் தந்தார். இதை நீங்களும் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் பிழையாக எடுத்த பாலில் சாணிக் கிருமிதான் வளரும். மடியைக் கழுவித் துடைத்து உலர விட வேண்டும். முதல் சில பீச்சலை வேறு பாத்திரத்தில் விட வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் காம்பு நுனியை, பஞ்சு சுத்தமாக வரும்வரை, துடைக்க வேண்டும். கிருமி நீக்கின போத்தலைச் சாய்த்துப் பிடித்து, காம்பில் முட்டாமல் கொஞ்சம் பீச்சி உடனே மூட வேண்டும். புது ஊசி எதுவும் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஐஸில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

வீட்டுக்காரர் காலை ரயிலில் பேராதனைக்குப் போய், கன்னொருவையில் இருக்கிற மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே கிருமியைத் தட்டில் வளர்த்து, ஒவ்வொரு மருந்தும் ஊறின சிறு வட்டக் கடதாசிகளை மேலே வைப்பார்கள். எந்த வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் போதிய அளவு வெளியாகிறதோ அந்த மருந்து வேலை செய்யும். ரிப்போட் இங்கிலீஷில் வந்தது, மகள் வாசித்தாள். கிருமி ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ். பெனிசிலின், அம்பிசிலின், டெட்ராசைக்ளின் மூன்றுமே கேட்காது. குளொக்சசிலின் கேட்கும்.

அந்தக் கிருமிக்குப் பெனிசிலினை உடைத்துப் போடுகிற ஒரு நொதியம் உண்டு என்று டொக்டர் விளக்கினார். குளொக்சசிலினை அந்த நொதியத்தால் சுலபமாக உடைக்க முடியாது. அதற்கும் அடங்காத இனம் 1961இல் இங்கிலாந்தில் மனிதர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. 2011இல் அதே நாட்டில் பசும்பாலில் இருந்த கிருமியிலேயே, அப்படி அடங்காமல் ஆக்குகிற ஒரு புது மரபணுவைக் கண்டார்கள். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்கே 1945இல் நோபல் பரிசு உரையில், அளவு குறைத்துக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் என்று எச்சரித்திருக்கிறார். எங்கள் லயத்தில் வீக்கம் வற்றினதும் மீதி மருந்தை எடுத்து வைப்பது வழக்கம், "அடுத்த மாட்டுக்கு ஆகும்" என்று.

குளொக்சசிலின் டியூப்பைக் காம்பு வழியாக ஏற்றி முழுக் கணக்கும் முடித்தோம். முழுதாகக் குணமாகவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், ஏனென்றால் சோதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் நம்பிவிடக் கூடாது. அந்தக் கிருமி மடிச் சதைக்குள் சின்னச் சின்னக் கட்டிகளாக ஒளிந்துகொள்ளும், மருந்து அங்கே போய்ச் சேராது. வயது போன மாட்டில், பழகிப்போன நோயில், வேலை செய்கிற மருந்துகூடத் தோற்கும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கடைசியில் அந்தக் காம்பை வற்ற விட்டோம். செவலை இப்போது மூன்று காம்பில் கறக்கிறது, கடைசியாகத்தான் அதைக் கறப்பேன். "வித்துத் தொலை" என்றார்கள். அந்த நோயோடு இன்னொரு வீட்டுப் பட்டிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, அத்தையும் விடவில்லை. மற்ற மாடுகளையும் தட்டில் சோதித்தோம், எதற்கும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய வெற்றி.

இந்தக் கிருமி மாட்டுக்கு மாடு போவது கறக்கிற கையாலும், எல்லா மடியையும் துடைக்கிற ஒரே துணியாலும்தான். ஒரு மாட்டுக்கு ஒரு துணி வையுங்கள். கையைப் பாலில் நனைத்துக் கறக்காதீர்கள். கறந்து முடித்ததும் காம்பை அயடின் மருந்தில் முக்குங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும், அதனால் உடனே படுத்துவிடாமல் புல்லைப் போட்டு நிற்க வையுங்கள்.

எல்லாராலும் கன்னொருவைக்கு ஓட முடியுமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். பாலை ஒழுங்காக எடுத்து டொக்டர் அலுவலகத்தில் கொடுத்து, அங்கிருந்து அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஈ. கோலை போன்ற கிருமியால் வருகிற லேசான மடி வீக்கத்தைப் பல நேரம் மாட்டின் உடம்பே சரிசெய்துவிடும், அன்டிபயோடிக்கே தேவைப்படாது. அதையும் சோதித்தால்தான் தெரியும். ஆனால் மாடு எழும்பாமல் கிடந்து, காது குளிர்ந்து, பால் தண்ணீராக வந்தால் ரிப்போட்டுக்குக் காத்திருக்காதீர்கள், அப்போதே டொக்டரைக் கூப்பிடுங்கள்.

மருந்து போட்ட மாட்டுப் பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்பது பெட்டிக்குள் இருக்கிற தாளில் எழுதியிருக்கும். காய்ச்சினாலும் அந்த மருந்து முழுதாகப் போகாது. அந்தப் பாலில் தயிர்கூடச் சரியாக உறையாது, பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் குடித்தால் ஆபத்து. ஆனால் எங்களுக்கு வந்த தாளில் ஒரு வரி தமிழ் இல்லை. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. மாட்டு மருந்துத் தாளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. வாசிக்க மகள் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும். பட்டி சுத்தமாக, காய்ந்து, காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எங்கே கட்டுவது? தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் உழைத்த சனத்துக்குத் தனிவீட்டுத் திட்டத்தில் கிடைத்தது 7 பேர்ச் நிலம். வீடு கட்டினால் முற்றம் இல்லை, மாட்டுக்கு எங்கே இடம்? தேயிலைக்கு இடையில் புல் அறுத்தால் கேள்வி, தரிசில் கொட்டில் போட்டால் பிடுங்கச் சொல்லிக் கடிதம். சிமெந்துத் தரை போட நானும் ஆசைப்படுகிறேன், என் பெயரில் உறுதிப் பத்திரம் இல்லாத நிலத்தில் யார் கடன் தருவார்கள்? சேற்றில் படுக்கிற மாட்டுக்கு மடி நோய் வரத்தான் செய்யும்.

உங்கள் மாடு எத்தனையாவது ஈற்று, எந்தக் காம்பு, இதுவரை என்ன ஊசி போட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலிக் குப்பி இருந்தால் எறியாமல் எடுத்து வையுங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.