அரசுக் கண்காணிப்பில் இருந்து பயனர்களைக் காக்கும் ஆப்பை எப்படி வடிவமைப்பது?

தகவலைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷனில் எதைப் போடலாம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அதற்கு முன்னால், உங்கள் சர்வரில் யாருடைய விவரம் என்னென்ன கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டேன்.

காரைக்குடியில் சின்னதாக சாப்ட்வேர் வேலை செய்கிறேன். 2022-ல், தேவகோட்டைப் பக்கம் கண்மாய்களில் அனுமதிக்கு மேல் சவுடு மண் அள்ளுவதைப் படமெடுத்துப் புகார் செய்ய ஓர் ஆப் செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ஓடிபிக்காக போன் நம்பர், படத்தோடு ஒட்டி வரும் இருப்பிடம் எல்லாம் சேர்ந்துகொண்டே இருந்தது. என்கிரிப்ஷனும் இருந்தது, ஆனால் சாவி என்னிடம்தானே! ஒருநாள் ஓர் அதிகாரி வந்து புகார் கொடுத்தவர்கள் பட்டியலைக் கேட்டார். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 91-ஆவது பிரிவுப்படி எழுத்தில் உத்தரவு கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். 41 பெயர். என் மேசையில் வைத்தே நாலு பெயரைப் பேனாவால் சுழித்தார். மறுநாள் அதில் ஒருவர், இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா, போன் செய்தார். "தம்பி, என் பேரு எப்படிப்பா வெளிய போச்சு?" அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் முழுதும் மாற்றினேன். போன் நம்பர் கிடையாது, புகார் எண் மட்டும். படத்தில் இருக்கும் இருப்பிடத்தை போனிலேயே நீக்கிவிட்டு, கண்மாய் பெயரை மட்டும் கேட்டேன். டேட்டாபேஸில் அழித்த பிறகும் பழைய விவரம் அன்றாட பேக்கப்பிலும், எந்த இணைப்பில் இருந்து வந்தார்கள் என்று காட்டும் ஐபி முகவரி சர்வர் லாகிலும் (பதிவேட்டிலும்) கிடந்தது, அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. மெசேஜ் ஆப்பான சிக்னலிடம் 2016-ல் அமெரிக்காவில் சம்மன் அனுப்பிப் பயனர் விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது, கேட்ட மற்ற விவரங்களை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

குற்றவாளிக்குத் துணை போகிறாய் என்று யாராவது வருவீர்கள். அந்த அக்கா என்ன குற்றம் செய்தார்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னது அவருக்கும் சேர்த்துத்தான். பெயரில்லாமல் வாங்கினால் பொய்ப் புகார் வரும் என்பீர்கள். வந்தது, படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தள்ளிவிட்டோம்.

  

சரி, அந்தத் தாளை எழுதிவிட்டு இங்கேயே போடுங்கள், எதை எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.