ஆள் மாறியும் தீராத சண்டை

கேள்வி: இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஓர் ஆலையில் மூன்று ஆண்டுகளாக மேலாளராக இருக்கிறேன். மாதக் கடைசி வந்தால் விற்பனைப் பிரிவுக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் சண்டை மூண்டுவிடுகிறது. "சரக்கு இன்றே போக வேண்டும்" என்பார் ஒருவர். "கையெழுத்துப் போட மாட்டேன்" என்பார் மற்றவர். சமாதானக் கூட்டம், பயிற்சி வகுப்பு, சுற்றுலா எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். சென்ற ஆண்டு தரக்கட்டுப்பாட்டு அதிகாரியை வேறு பிரிவுக்கு மாற்றினேன். புதிதாக வந்தவரும் நான்காவது மாதமே அதே சண்டையைத் தொடங்கிவிட்டார். இவரையும் மாற்றிவிடலாமா? சண்டையே இல்லாத குழுவை உருவாக்க என்ன வழி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விடையில் பாதியை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஆளை மாற்றிய பிறகும் சண்டை மாறவில்லை என்றால், அது அவர்களுடைய சுபாவத்திலிருந்து வரவில்லை, அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து வருகிறது என்று பொருள். நாளையே இருவரையும் இடம் மாற்றி உட்கார வையுங்கள். இன்று லாரியை அனுப்பச் சொல்லிக் கத்துகிறவரே இரண்டு மாதத்தில் கையெழுத்துப் போட மறுப்பார்.

விற்பனைப் பிரிவுக்கு அந்த மாதத்துக்குள் அனுப்பிய சரக்கின் மதிப்பைக் கணக்கிட்டு ஊக்கத்தொகை தருகிறீர்கள் என்றும், தரக்கட்டுப்பாட்டை வாடிக்கையாளரின் புகார்களை எண்ணி மதிப்பிடுகிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். பல இடங்களில் அதுதான் வழக்கம். அப்படியானால் ஒருவருக்குச் சரக்கு வெளியே போனால் ஆதாயம், மற்றவருக்கு அது உள்ளேயே கிடந்தால் நிம்மதி. இந்த ஏற்பாட்டைச் செய்தது மேலிடம். பழி மட்டும் மாதந்தோறும் அந்த இருவர் தலையில் விழுகிறது.

சண்டையே இல்லாத குழு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் லாரன்ஸ், ஜே லார்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் பிளாஸ்டிக், உணவு, கொள்கலன் ஆகிய தொழில்களில் இயங்கிய நிறுவனங்களை ஒப்பிட்டு 1967-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேகமாக மாறும் சூழலில் நன்றாக நடந்த நிறுவனங்களில், பிரிவுகள் தத்தம் வேலைக்கேற்ப வெவ்வேறு விதமாகவே சிந்தித்தன. ஆனால் அந்த வேறுபாட்டைப் பூசி மெழுகாமல், மேலதிகாரியின் அதட்டலால் அமுக்காமல், மேசைமீது வைத்துப் பேசித் தீர்த்தன. உங்கள் விற்பனைக்காரர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியைப் போல நினைக்கத் தொடங்கினால் ஆர்டர் வராது. தரக்கட்டுப்பாட்டு அதிகாரி விற்பனைக்காரரைப் போல நினைத்தால் அனுப்பிய சரக்கு திரும்பி வரும்.

இதற்கும் முன்பே, 1925-இல், மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்க அம்மையார் ஓர் உரையில் தம் அனுபவம் ஒன்றைச் சொன்னார். நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் உடனிருந்தவர் ஜன்னலைத் திறக்க விரும்பினார், இவர் மூட விரும்பினார். கடைசியில் யாரும் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். ஜன்னலைப் பாதி திறந்திருந்தால் இருவருக்கும் பாதி வருத்தம் மிஞ்சியிருக்கும். ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது காற்றோட்டம். இவருக்கு வேண்டியிருந்தது, வாடைக்காற்று நேராகத் தம்மேல் அடிக்காமல் இருப்பது. இரண்டும் கிடைத்தன.

இது உங்கள் லாரிக்கும் பொருந்தும். ஓர் ஆலையின் ஏற்றுமதிக் கூடத்தில் இப்படி ஒரு மாதக் கடைசி மாலையில் நான் உட்கார்ந்திருந்தேன். நாற்பது பெட்டிகள் கட்டி முடிந்து, ஒவ்வொன்றிலும் "நிறுத்தி வை" என்ற மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது; ஓட்டுநர் இஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். துளையின் விட்டம் சில உருப்படிகளில் அளவைத் தாண்டியிருக்கிறது என்றார் தர அதிகாரி. வாடிக்கையாளரின் அசெம்ப்ளி லைன் காலையில் நின்றுவிடும் என்றார் விற்பனை அதிகாரி. ஒரு மணி நேரம் இதையே இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மூலையில் இருந்த நானும் வாயைத் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஸ்டோர்ஸ் எழுத்தர் ஒருவர், "காலையில் அவர்களுக்கு எத்தனை பெட்டி வேண்டும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டபோது காலைக்கு ஆறு பெட்டி போதும், மீதி அடுத்த வாரம்தான் என்று பதில் வந்தது. ஆறு பெட்டிகளையும் பிரித்து, உருப்படி உருப்படியாக அளந்து, நல்லவற்றை மட்டும் இரவுக்குள் அனுப்பினார்கள். அந்தக் கேள்வியைப் பத்து நாள் முன்பே கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய இடமும் நேரமும் அந்த ஆலையில் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, சண்டையை மாதக் கடைசியிலிருந்து மாத முதல் வாரத்துக்குக் கொண்டுவருவது. லாரி வாசலில் நிற்கும்போது எவராலும் நிதானமாக யோசிக்க முடியாது. மென்பொருள் துறையிலும் இதே சண்டை உண்டு: உருவாக்குகிறவர்கள் புதிய வசதிகளை உடனே வெளியிடத் துடிப்பார்கள், இயக்குகிறவர்கள் சேவை முடங்கிவிடும் என்று தடுப்பார்கள். கூகுள் நிறுவனம் இதை ஒரு கணக்காக மாற்றியது. ஒரு சேவை 99.9 சதவீத நேரம் இயங்கினால் போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்தால், 30 நாளில் சுமார் 43 நிமிடம் அது தடைபடலாம். அந்த 43 நிமிடம் மிச்சமிருக்கும்வரை புதியவற்றை வெளியிடலாம்; தீர்ந்துவிட்டால் வெளியீடு நிற்கும். நடுராத்திரியில் எவரும் எவரிடமும் வாதாட வேண்டியதில்லை.

உங்கள் ஆலைக்கும் அப்படி ஒரு பக்கம் எழுத முடியும். எந்தக் குறை இருந்தால் எக்காரணம் கொண்டும் சரக்கு போகாது, எது வாடிக்கையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் போகலாம், எது முழுமையாகப் பொறுக்கி எடுத்த பிறகு போகலாம் என்பதை அந்த இருவரே சேர்ந்து எழுதட்டும். துளையின் விட்டத்தையும் மேற்பரப்புக் கீறலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது இருவருக்குமே தெரியும், ஆத்திரத்தில்தான் மறந்துபோகிறது. கூடவே ஊக்கத்தொகையையும் திருத்துங்கள். விற்பனைக்கான தொகையில் ஒரு பகுதியை, சரக்கு திரும்பி வராமல் 60 நாள் கழிந்த பிறகு கொடுக்கலாம். தரக்கட்டுப்பாட்டுக்கு, இத்தனை மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்று வரம்பு வைக்கலாம். முடிவு "சரி" என்றே இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்போதும் சண்டை வரும். வரும்போது அதைக் குறித்து வையுங்கள்: தேதி, ஆர்டர், இயந்திரம், என்ன குறை, என்ன முடிவு. சில மாதங்கள் கழித்துப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலான தகராறுகள் ஒரே ஒரு லேத்தைச் சுற்றியோ, வரைபடத்தைத் தாமதமாக அனுப்பும் ஒரே வாடிக்கையாளரைச் சுற்றியோ நடந்திருப்பது தெரியக்கூடும். வேறெந்த அறிக்கையிலும் வராத செய்தியை அந்த இருவரும் கத்திக் கத்தி உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது உங்கள் நிலைதான், மறுக்கவில்லை. ஆனால் தனித்தனியாக அறைக்குள் அழைத்து இருவர் பக்கத்தையும் கேட்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். தனியாக வருகிறவரிடம், "இதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டுச் சண்டையெல்லாம் நல்லது என்று கிளம்பிவிடவும் வேண்டாம். கார்ஸ்டன் டி ட்ரூ, லாரி வைங்கார்ட் என்ற இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், தனிப்பட்ட பகையைப் போலவே வேலை சார்ந்த கருத்து மோதலும் குழுவின் செயல்திறன் குறைவதோடு சேர்ந்தே காணப்பட்டது. மோதல் இருப்பதாலேயே ஒரு குழு பலம் பெற்றுவிடுவதில்லை. மேலும், பேச்சில் அவமதிப்போ மிரட்டலோ இருந்தால் அதை நாற்காலியின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.

புதிய அதிகாரியை மாற்ற வேண்டாம். மாற்றினால், மூன்றாவதாக வருகிறவர் முதல் மாதமே அலுவலகத்தில் விசாரித்து, முன்னவர்கள் இருவரும் ஏன் போனார்கள் என்று தெரிந்துகொள்வார். பிறகு நீட்டுகிற காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார். வருகிற மாதம் முதல் வாரத்தில் இருவரையும் ஒன்றாக அழைத்து, கடந்த மூன்று மாதக் கடைசிகளின் டெஸ்பாட்ச் பதிவேட்டை நடுவில் வைத்து, எந்தெந்த ஆர்டருக்குச் சண்டை போட்டார்கள் என்று அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள்.